சிறு வேட்டைக்குச் சிறு மருந்து

பழைய சாங்வியில் வாழும் நமக்குக் கட்கி தொலைதூரமல்ல. முளா ஆற்றைக் கடந்தால் சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே 1869-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அம்யூனிஷன் ஃபாக்டரி இன்றும் இயங்கி வருகிறது. கட்கியிலும் தேஹு ரோடிலும் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பல, பாதுகாப்புத் துறை வேலையை நம்பி வந்தவையே. தோட்டா என்ற சொல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது, அதன் வலிமை எப்படி உண்டாகிறது, அந்த வலிமையை வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டா என்று கேட்டால் பெரியவர்களே சற்றுத் தயங்குவார்கள்.

வலிமையைக் குறைப்பவர்கள் உண்டு. முயல், காடை, கவுதாரி போன்ற சிற்றுயிர்களை வேட்டையாடியவர்கள் எல்லா நாட்டிலும் அதைத்தான் செய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அறிவு எத்தகையது, நம் தமிழ்நாட்டில் அந்த அறிவைக் கையில் வைத்திருந்த மக்கள் யார், அவர்களுக்கு மராட்டிய மண்ணோடு என்ன உறவு, இன்று சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இது செய்முறைப் பாடம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது நம் நாட்டில் கடுங்குற்றம். அறிவியலும் வரலாறும் மட்டுமே இங்கே நம் பாடம்.

உண்டிவில்லிலிருந்து தொடங்குவோம்

துப்பாக்கி வருவதற்கு முன்பே இந்தச் சிந்தனை நம்மிடம் இருந்தது. அம்பு எய்யும் வில் ஒன்று, மண் உருண்டை எய்யும் வில் மற்றொன்று. பின்னதை உண்டிவில் என்றார்கள். இளம் பருவத்து இராமன் கூனியின் முதுகில் மண்ணுருண்டை எய்து விளையாடிய செய்தியைக் கம்பர் தம் காவியத்தில் சொல்கிறார். அதே இராமன் இலங்கையில் எய்தவை வேறு வகைக் கணைகள். எய்பவன் ஒருவனே, இலக்குக்கு ஏற்பப் படை மாறுகிறது. பறவையை விரட்டக் கவண், சிறு பறவையை வீழ்த்த மண்ணுருண்டை, பன்றிக்கும் மானுக்கும் கூரிய அம்பு என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருந்தனர்.

சிறிய உயிரைப் பெரிய படையால் அடித்தால் என்ன ஆகும்? உயிர் போகும், இறைச்சியும் போகும். வேட்டைக்காரனுக்கு வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. சிதைந்த உடலால் அவனுக்குப் பயன் இல்லை. ஆகவே சிறு வேட்டைக்காரனின் திறமை, போதுமான அளவு எது என்று அறிவதில் இருந்தது.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

இன்றைய தோட்டா ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. இரண்டாவது, கூட்டின் அடியில் பதிந்திருக்கும் கேப். தீபாவளித் துப்பாக்கியில் நம் பிள்ளைகள் வைத்து வெடிக்கும் ரோல் கேப்பின் பெரியண்ணன் என்று இதைச் சொல்லலாம். அடி விழுந்தால் பொறி கக்கும். மூன்றாவது, அந்தப் பொறியால் தீப்பற்றி எரியும் மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் பொருந்தியிருக்கும் ஈயக் குண்டு.

மருந்து எரியும்போது ஏராளமான சூடான வாயு உண்டாகிறது. அது விரிய இடம் தேடுகிறது. பின்பக்கம் மூடியிருப்பதால் முன்னே இருக்கும் குண்டைத் தள்ளிக்கொண்டு குழல் வழியே வெளியேறுகிறது. பிரஷர் குக்கரின் விசிலை ஆவி தூக்குவது போலத்தான் இதுவும். ஆனால் நேரம் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு, அழுத்தமோ குக்கரைவிட மிகப் பல மடங்கு.

குண்டின் எடையையும் மருந்தின் அளவையும் மாற்றினால் வேகம் மாறும். வேகம் மாறினால் எல்லாமே மாறும். எப்படி என்பதைக் கணக்காகப் பார்ப்போம்.

கொஞ்சம் கணக்கு

பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இயக்க ஆற்றலின் சூத்திரம் தெரியும். எடையைக் கிலோவிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டு, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல் ஜூல் கணக்கில் கிடைக்கும். வேகம் இரு முறை பெருக்கப்படுவதால், வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படையினர் ஏந்தியது .303 ரைபிள். குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு, அதாவது 7.7 மில்லிமீட்டர் என்பது அந்த எண்ணின் பொருள். அதன் குண்டு சுமார் 11.3 கிராம் எடையுள்ளது. நொடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். கணக்கிட்டால் ஆற்றல் சுமார் 3100 ஜூல். நூறு கிலோ நெல் மூட்டை மூன்றை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் அது.

பயிற்சிக்கும் சிறு வேட்டைக்கும் உலகெங்கும் வழங்கும் .22 தோட்டாவின் குண்டு 2.6 கிராம். மெதுவான வகையின் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். அதன் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல். ஒரு குடம் தண்ணீரை ஒரு மீட்டர் தூக்கும் அளவு. முன்னதற்கும் பின்னதற்கும் இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு முயலுக்கு .303 எவ்வளவு மிகையானது என்பது இப்போது விளங்கும். கவுதாரிக்கும் காடைக்கும் சொல்லவே வேண்டாம்.

மற்றொரு செய்தியும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அதைவிட வேகமாகப் போகும் குண்டு சாட்டையடி போன்ற ஓசையை வழியெல்லாம் எழுப்பும். மெதுவான குண்டு அந்த ஓசையை எழுப்பாது. ஒரு பறவையைச் சுட்டதும் வயலில் உள்ள மற்றவை எல்லாம் பறந்துவிடக்கூடாது என்று நினைப்பவனுக்கு இது பெரிய வேறுபாடு.

ஆனால் மெதுவான குண்டுக்கு ஒரு விலை உண்டு. பூமியின் ஈர்ப்பு எல்லாக் குண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 50 மீட்டர் தூரம் செல்லும்போது .303 குண்டு சுமார் 2 சென்டிமீட்டர் தாழும்; .22 குண்டு சுமார் 11 சென்டிமீட்டர் தாழும். எனவே மருந்தைக் குறைப்பவன் இலக்கை இன்னும் நெருங்க வேண்டும், தூரத்தை இன்னும் சரியாகக் கணிக்க வேண்டும். துப்பாக்கியின் வலிமை குறையும் அளவுக்கு மனிதனின் பொறுமையும் கண்ணும் கூர்மையாக வேண்டும்.

நரிக்குறவரின் நாட்டுத் துப்பாக்கி

இந்தப் பாடத்தைப் புத்தகம் இல்லாமல் கற்றவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அவர்களைத் தெரியும். பேருந்து நிலையத்திலும் திருவிழாவிலும் பாசிமணி, ஊசி, சீப்பு விற்கும் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்றும் ஊர்மக்கள் அழைப்பதுண்டு. வயல்களில் கொக்கும் மடையானும் கவுதாரியும் காடையும் முயலும் பிடித்து வாழ்ந்த மக்கள் அவர்கள். கண்ணியும் வலையும் அவர்களுடைய பழைய கருவிகள். பின்னர் வந்து சேர்ந்தது நாட்டுத் துப்பாக்கி.

இந்தத் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும். முதலில் கருமருந்து. அதன்மேல் துணியோ காகிதமோ நாரோ வைத்து ஒரு அடைப்பு. பிறகு ஈய ரவைக் குண்டுகள். அவை உருண்டு வெளியே வந்துவிடாதபடி மேலும் ஓர் அடைப்பு. நீண்ட கம்பியால் கெட்டித்து, பின்புறத்துக் காம்பில் கேப்பைப் பொருத்தினால் துப்பாக்கி தயார். ஒருமுறை சுட்டபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பறவைக் கூட்டம் அதுவரை காத்திருக்காது. ஆகவே அந்த ஒரே வெடி வீணாகக்கூடாது.

இங்கேதான் நம் பாடத்தின் மையம் இருக்கிறது. கடையில் வாங்கும் தோட்டாவில் அளவை ஆலை முடிவு செய்கிறது. வாய்வழித் துப்பாக்கியில் அளவைச் சுடுபவனின் கை முடிவு செய்கிறது. எவ்வளவு மருந்து, எந்தப் பருமனுள்ள ரவை, எத்தனை ரவை என்பதை ஒவ்வொரு முறையும் அவனே தீர்மானிக்க வேண்டும். நூறு கிராம் அளவே உள்ள காடைக்கு மெல்லிய பொடி ரவை. முயலுக்குச் சற்றுப் பருத்தது. மருந்து குறைந்தால் ரவை இறகிலேயே நின்றுவிடும், அடிபட்ட பறவை தப்பிப் பறந்து எங்கோ சாகும். மருந்து கூடினால் ரவை சிதறிப் பரவி இலக்கைச் சுற்றி வெற்றிடம் விழும். அல்லது இறைச்சி முழுவதும் ஈயமாகும். மிகவும் கூடினால் குழலே வெடித்து, சுட்டவனின் கையையும் கண்ணையும் பறித்துவிடும். நாட்டுத் துப்பாக்கி வெடித்து உறுப்பிழந்தவர்கள் பற்றிய செய்திகள் நாம் அறிந்தவையே.

மருந்து ஈரமாகிவிட்டதா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பறவை எத்தனை அடி தூரத்தில் அமர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரு மூச்சில் எடைபோடுவது எளிதன்று. பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு மனிதர் இதைச் செய்தார் என்றால், அதை அறிவு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

மராட்டியத்து உறவு

நரிக்குறவர்கள் தம்மை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசும் மொழி தமிழன்று; வாக்ரிபோலி என்ற, வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. குஜராத்திக்கும் மராத்திக்கும் நெருங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இம்மொழியைப் பற்றிய ஆய்வு நூலொன்றை 1970-இல் வெளியிட்டது. மேற்கு இந்தியப் பகுதிகளிலிருந்து தங்கள் முன்னோர் தெற்கே வந்தனர் என்ற மரபுச் செய்தி அவர்களிடையே வழங்குகிறது.

இங்கே மராட்டிய மாநிலத்தில் நாம் காணும் பார்தி மக்களும் வேட்டையையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள். பார்தி என்ற பெயரே வேட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கண்ணி வைத்துப் பிடித்தவர்கள் பான்சே பார்தி. பழக்கிய சிவிங்கிப் புலியைக் கொண்டு மான் வேட்டையாடியவர்கள் சீத்தா பார்தி. ஆங்கில அரசு 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பார்திகள் போன்ற பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. அச்சட்டம் 1952-இல் நீங்கியது. முத்திரையின் நிழல் இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பதைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர்.

நாம் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தோம். அவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனார்கள். எழுத்து இல்லாமல், பள்ளி இல்லாமல், தம் தாய்மொழியை வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தவே திண்டாடும் நமக்கு இதில் கற்க வேண்டியது உண்டு.

அளவு கையிலிருந்து ஆலைக்கு

இனி, கையிலிருந்த அளவு ஆலைக்கு எப்படிப் போயிற்று என்று பார்ப்போம். போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஒரே மாதிரி சுட வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக மருந்து அளந்துகொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்து மருந்தைக் குழலில் கொட்டுவான். 1857-இல் என்ஃபீல்டு ரைபிளுக்கு வந்த இந்தப் பொட்டலத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி, அவ்வாண்டின் பெரும் எழுச்சிக்குப் பொறியாயிற்று. அளந்து கட்டிய மருந்துப் பொட்டலம் ஒன்று ஓர் ஆட்சியையே உலுக்கியது.

அதன்பின் ஆங்கில அரசு இந்தியச் சிப்பாய்களுக்கு வலிமை குறைந்த துப்பாக்கியைத் தந்தது. குழலின் உள்ளே திருகு வரி இருந்தால் குண்டு சுழன்று நேராகப் போகும். அந்த வரியை நீக்கி வழுவழுப்பாக்கினால் குறி தவறும். அத்தகைய வரியற்ற துப்பாக்கியே 1857-க்குப் பின் இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் .303 ரைபிள்களின் குழலைக் குடைந்து, வரியற்ற .410 மஸ்கட்டாக மாற்றிக் காவல் பணிக்குக் கொடுத்தார்கள். வேட்டைக்காரன் இறைச்சிக்காகவும் சிக்கனத்துக்காகவும் வலிமையைக் குறைத்தான். அரசோ அச்சத்தால் குறைத்தது.

1880-களில் புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. கார்டைட் என்ற அவ்வகை மருந்தைத் தயாரிக்க நீலகிரியில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. 2021 அக்டோபர் முதல் நாளில் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, நம் பக்கத்து கட்கியும் நீலகிரி அருவங்காடும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியா என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

படைக்கு உரிய .303 ரகத்தைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை இருந்ததால், அதை ஒத்த அமைப்பில் .315 என்ற வேறு ரகத்தை இந்தியத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காகச் செய்து விற்றன. பறவை வேட்டைக்குப் பன்னிரண்டு போர் துப்பாக்கி வழங்கிற்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அதுவே அதன் குழலின் விட்டம்.

வீட்டில் தோட்டா கட்டுவோர்

அமெரிக்கா போன்ற சில நாடுகளில், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்கும் பழக்கம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. மான் வேட்டைக்கு ஒரே ஒரு ரைபிள் வைத்திருக்கும் குடியானவர், அதே ரைபிளால் முயலும் அணிலும் காட்டுக்கோழியும் சுட விரும்பினால், மருந்தைக் குறைத்து, வார்த்த ஈயக் குண்டு வைத்த மென்மையான தோட்டாவைத் தாமே கட்டிக்கொள்வார். செலவு குறைவு, தோளில் இடி குறைவு, ஓசை குறைவு, இறைச்சியும் சிதையாது. நரிக்குறவர் குழலுக்குள் செய்ததை இவர் கூட்டுக்குள் செய்கிறார்.

அவர்கள் மருந்தை கிரெயின் என்ற அளவால் நிறுக்கிறார்கள். தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு அது. 7000 கிரெயின் சேர்ந்தது ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியால் தங்கம் நிறுத்ததும் இதே வழிதான். ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். விதையைப் படிக்கல்லாக்கிய அறிவு கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அளவு மிகக் குறைந்தால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். சிறிதளவு மருந்து பெரிய கூட்டின் அடியில் கிடப்பதால், கவனக்குறைவாக இருமுறை கொட்டிவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக எரியும் சிலவகை மருந்துகளைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாக இட்டபோது, எதிர்பாராத விதமாக அழுத்தம் எகிறித் துப்பாக்கி சிதறியதாகவும் பதிவுகள் உள்ளன. ஆகவே அந்நாடுகளிலும் அனுபவசாலிகள் ஆய்வுக்கூடங்கள் வெளியிட்ட அளவைவிட்டு ஒரு கிரெயின்கூடத் தாமாக இறங்குவதில்லை. கூட்டுவதற்கு எல்லை இருப்பது போலக் குறைப்பதற்கும் எல்லை உண்டு.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதற்கும் தயாரிப்பதற்கும் தனித்தனி உரிமம் கோருகிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, உரிமமின்றித் தயாரிப்போருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் சிறை வரையும் நீளலாம்.

வேட்டைக்கு வேறு சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது, பெரு வேட்டைக்கும் சிறு வேட்டைக்கும் தனித்தனி உரிமம் வழங்க அதில் இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த உரிமங்களை ஒழித்து, வேட்டையையே தடை செய்தது. முயலும் கவுதாரியும் காடையும் இன்று காக்கப்படும் உயிர்கள். ஊர்ச் சந்தையில் யாரேனும் காட்டுக் காடை என்று விற்றால் வாங்குவதும் குற்றத்துக்குத் துணை போவதே.

பிள்ளைகளுக்கு ஏர்கன் வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டோ ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டோ இருந்தால் ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். அந்த வரம்புக்குள் இருந்தாலும் குருவியையும் அணிலையும் சுடுவதற்கு அது அனுமதிச் சீட்டல்ல.

தொழில் போனபின் அறிவு என்னவாகும்?

தடை சரியானதே. காடும் புல்வெளியும் சுருங்கிவிட்ட நாட்டில் வேட்டைக்கு இனி இடம் இல்லை. ஆனால் சட்டம் வந்த நாளில் நரிக்குறவரிடம் அரசு கொடுத்த மாற்று என்ன என்று நாம் கேட்டதில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் பாசிமணியை எடுத்தார்கள். நரிக்கொம்பு விற்பவர் என்று சினிமா அவர்களைக் கேலிப் பாத்திரமாக்கியது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 1965-இலேயே லோகூர் குழு பரிந்துரைத்தும், அதற்கான மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வேட்டைக்காரரின் அறிவை வேறு வழியில் பயன்படுத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்தபோது, காயமின்றிப் பறவை பிடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். பீகாரின் மீர்ஷிகார் என்ற பறவை பிடிக்கும் சமூகத்தாரைக் கழகம் அழைத்துக்கொண்டது. அலி ஹுசைன் என்ற மீர்ஷிகார் தம் கைத்திறனுக்காக உலக அளவில் அறியப்பட்டார். நம் கோடியக்கரையிலும் அத்தகைய வளையமிடும் பணி நடைபெற்றது. அக்கழகத்தின் பெருமகனான சாலிம் அலியே சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன இனம் என்று கேட்டுக் கழகத்தின் படியேறியவர்தான். ஒரு சிறுவனின் குருவி அவரைப் பறவையியலுக்குக் கொண்டுசென்றது. நூற்றுக்கணக்கான குருவிகளை அறிந்த ஒரு சமூகத்துக்கு அந்தப் படி திறக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு

துப்பாக்கியில் ஆர்வம் கொண்ட பிள்ளைகளுக்கு இன்று நேரான பாதை விளையாட்டு. நமக்கு அருகில் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் சுடுதளம் உள்ளது. ஒலிம்பிக் போட்டியின் பத்து மீட்டர் ஏர் ரைபிளின் குண்டு அரை கிராம் எடையே உள்ளது. அதன் ஆற்றல் எட்டு ஜூல் அளவு. 303 ரைபிளின் ஆற்றலில் சுமார் நானூறில் ஒரு பங்கு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்தச் சிறு குண்டைக் கொண்டே உலக அரங்கில் தங்கம் வென்றார். வெளிமாநிலத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர் என்பது நமக்குத் தனிப் பெருமை. நம் மராட்டியத்துக் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்றது நாம் மேலே கண்ட .22 தோட்டாவால்தான். பெருமருந்தால் கிடைக்காத பெருமை சிறுமருந்தால் கிடைத்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் அம்மையாரைக் காண்போம். பேரம் பேசுவதற்கு முன், அவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று பிள்ளைகள் மரியாதையாகக் கேட்கட்டும். இங்கே கற்ற மராத்தியில் இரண்டு சொல் பேசிப் பார்க்கட்டும். ஏதேனும் ஒரு சொல் இருவருக்கும் பொதுவாக அமையக்கூடும். அவருடைய தந்தையோ பாட்டனாரோ கவுதாரியின் குரலை எப்படி அறிந்தார் என்பதையும் கேட்டு எழுதி வந்தால், நம் சங்க மலரில் அதற்கு இடம் காத்திருக்கும்.

பயிற்சி

1. ஒரு குண்டின் எடையை மாற்றாமல் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் ஆற்றல் எத்தனை பங்காகும்?

2. மருந்தைக் குறைத்த தோட்டா ஏன் இலக்குக்குக் கீழே தைக்கிறது?

3. சிறு வேட்டை உரிமம் எந்த ஆண்டின் திருத்தத்தால் நீங்கியது?

4. நாற்பது கிரெயின் எடையுள்ள குண்டு ஏறத்தாழ எத்தனை குன்றிமணி?

விடைகள்: 1. ஒன்பதில் ஒரு பங்கு. 2. இலக்கை அடைய அதிக நேரம் ஆவதால் ஈர்ப்பு அதைக் கூடுதலாகத் தாழ்த்துகிறது. 3. 1991. 4. இருபது.